சமைத்தவர் படத்தில் எங்கே?

ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் கண்ணை மூடினால், அழுகை அடங்கும் முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். "நல்ல போட்டோ ஏதாவது இருக்கா?" தெருமுனையில் பேனர் கட்ட வேண்டும். கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி அடிக்க வேண்டும். 16ஆம் நாள் படத்திறப்புக்குப் பெரிதாக ஒரு படம் சட்டம் போட வேண்டும். பேனர் அடிப்பவர் அரை மணிக்கு ஒரு தடவை போன் செய்து கேட்டுக்கொண்டே இருப்பார்.

போனவர் ஆண் என்றால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்திய படம், சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்த படம், பேரன் காதுகுத்தில் முன்வரிசையில் நிற்கும் படம் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். பெண் என்றால் வீட்டையே அலச வேண்டியிருக்கிறது. கடைசியில் ஆதார் அட்டையில் மிரண்ட கண்களோடு இருக்கும் முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும் சேர்த்து மாட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகள், "ஆயா இப்படியா இருந்தாங்க?" என்று கேட்கிறார்கள்.

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதுதான் நடந்தது. அந்த அம்மாள் 50 வருடம் அந்த வீட்டுக்குச் சமைத்தவர். ஆடிக்கு அவர் ஊற்றும் கேழ்வரகுக் கூழுக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் தெருவே காத்திருக்கும். மகன், மகள், மருமகள், பேரன் என்று அந்த வீட்டில் 7 போன்கள் இருந்தன. எல்லாவற்றிலும் தேடினார்கள். கூழ்ப் பானையின் படம் இருந்தது. வஞ்சிரம் வறுவல் படம் இருந்தது. தலைவாழை இலைப் படம் ஏராளம். பிறந்தநாள் கேக் ஒன்றுக்கு மட்டும் 40 படங்கள். அந்த அம்மாள் இருந்தது இரண்டே படத்தில். ஒன்றில் கரண்டி பிடித்த கையும் வளையலும் மட்டும் தெரிந்தன. இன்னொன்றில் சமையலறை வாசலில் பாதி முகம், அதுவும் அசைந்து மங்கிப்போயிருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நம் வயதுக்காரர்கள் பலர் இப்போது போனில் படம் எடுக்கக் கற்றுக்கொள்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கற்றுக்கொடுக்கும் பிள்ளைகள் எந்த பட்டனை அழுத்துவது என்று மட்டும்தான் சொல்லித் தருகிறார்கள். யாரை எடுப்பது என்பதை அவர்கள் சொல்வதில்லை. விருந்தைப் படமெடுக்கிறவர் விருந்து ஆக்கியவரையும் எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. குடும்பம் கூடும் நாளில் எடுக்கும் படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை முதலில் இதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். வெளிச்சம், கோணம் எல்லாம் அதற்கு அடுத்தது. ஆனாலும் அவையும் வேண்டும், மங்கிய படத்தை மாட்டி வைக்க முடியாதே! அதனால் இரண்டையும் பற்றிச் சொல்கிறேன்.

பிலிம் காலத்தில்

நமக்கெல்லாம் நினைவிருக்கும். வீட்டில் ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா இருந்தால் அது வசதியான வீடு. ஒரு ரோலில் 12 படம். பிறகு 35 மில்லிமீட்டர் கேமரா வந்தது, ஒரு ரோலுக்கு 36 படம். 1960இல் தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிம் செய்து விற்றது. பொங்கலுக்குப் போட்ட ரோலைத் தமிழ்ப் புத்தாண்டு வரை முடிக்காமல் வைத்திருந்த வீடுகள் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் காசு போகிறது என்ற பயத்தில், யார் நிற்க வேண்டும், யார் உட்கார வேண்டும் என்று யோசித்துத்தான் எடுத்தார்கள்.

அந்த யோசனைக்கு ஒரு பலன் இருந்தது. ஸ்டூடியோவுக்குப் போய்க் குடும்பப் படம் எடுக்கும்போது பாட்டியும் அம்மாவும் கட்டாயம் இருப்பார்கள். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் பாட்டி, மடியில் கைக்குழந்தை, பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். வயதுக்கு வந்த பெண்ணுக்குப் பூத்தைத்து, பின்னல் தெரியும்படி பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த படம் அநேகமாக எல்லார் வீட்டிலும் உண்டு. அதற்கெல்லாம் நாள் பார்த்து, பட்டு கட்டி, பஸ் ஏறிப் போனார்கள். அந்த நாளில் அடுப்பில் வேலை கிடையாது. சமைக்கிறவர் படத்தில் விழுந்ததற்கு அது ஒரு காரணம்.

இந்த ஸ்டூடியோப் படங்களின் அருமையை வெளியார் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் கிடந்த படங்களைத் தேடி, 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுப் படங்களைக் கணினியில் ஏற்றிப் பாதுகாக்கும் வேலையைச் செய்தது. அழிந்துபோகும் நிலையில் உள்ள ஆவணங்களுக்காக லண்டன் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டம் அதற்கு உதவியது. நம் வீட்டுப் பரணில் கரையான் தின்றுகொண்டிருப்பது அவர்களுக்குச் சரித்திரம்.

இப்போது போன் வந்து ஸ்டூடியோ வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. படத்துக்குக் காசு இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் விசேஷம் நடக்கும் அந்த நேரத்தில்தானே சமைப்பவர் அடுப்படியில் நிற்கிறார்? எல்லாரும் கூடத்தில் சிரித்துக்கொண்டு நிற்க, அவர் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரைக் கூப்பிட்டால், "நீங்க எடுத்துக்கோங்க, எனக்கு வேலை கெடக்கு" என்பார். நாமும் சரி என்று எடுத்துவிடுகிறோம். வருடக்கணக்கில் இப்படியே போனால் கடைசியில் ஆதார் அட்டைதான் மிஞ்சும்.

மல்லையில் இருக்கும் இரண்டு குடும்பப் படங்கள்

நம் மாவட்டத்தில் இருப்பவர்கள் இதற்குப் பாடம் படிக்க வெகுதூரம் போக வேண்டாம். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில் பாறையில் செதுக்கியது. முன்னால் இருக்கும் தூண் மண்டபம் விஜயநகரக் காலத்தில் சேர்த்தது. கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கிப் பிடிக்கிறான் என்பதுதான் அங்கே கதை. ஆனால் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களின் மனதில் நிற்பது எது? ஒருவர் குத்துக்காலிட்டுப் பால் கறக்கிறார், பசு திரும்பிக் கன்றை நக்கிக் கொடுக்கிறது. ஒரு பெண் தலையில் சுமையோடு வருகிறார். ஒருவர் தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கிறார். மலை தலைக்கு மேல் நிற்கிறது, கீழே வீட்டு வேலை நடந்துகொண்டிருக்கிறது. வேலை செய்கிற மனிதரைக் காட்டினால் போதும், படத்துக்கு உயிர் வந்துவிடும் என்று அந்தச் சிற்பிக்குத் தெரிந்திருக்கிறது. யாரையும் வரிசையில் நிறுத்தி "சிரிங்க" என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாவது படம் மலையின் மேற்குப் பக்கம் உள்ள ஆதிவராகக் குகையில் இருக்கிறது. ஒரு பக்கம் ஓர் அரசர் உட்கார்ந்திருக்கிறார், இரண்டு பக்கமும் இரண்டு ராணிகள். எதிர்ப்பக்கம் இன்னொரு அரசர் நிற்கிறார், ஒரு ராணியின் கையைப் பிடித்தபடி. பக்கத்தில் இன்னொரு ராணி. நம் பகுதியின் மிகப் பழைய குடும்பப் படம் என்று இதைச் சொல்லலாம். மேலே பெயரும் பொறித்திருக்கிறார்கள். ஒருவர் சிம்மவிஷ்ணு, மற்றவர் மகேந்திரன். எந்தச் சிம்மவிஷ்ணு, எந்த மகேந்திரன் என்று அறிஞர்கள் விவாதிப்பார்கள், அது வேறு விஷயம். பெயர் எழுதி வைத்ததால்தானே விவாதிக்கவாவது முடிகிறது!

ராணிகள் நான்கு பேர். அவர்களின் பெயர் அங்கே இல்லை. கல்லில் செதுக்கியும் பெயர் போய்விட்டது. 1300 வருடங்களுக்குப் பிறகு நம் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் அதே கதைதான். "இது தாத்தா, இது தாத்தாவோட தம்பி, இது கர்ணம்... இந்த அம்மா யாரோ தெரியலையே."

வெளிச்சத்தைப் பற்றி

இப்போது செய்முறைக்கு வருவோம். பெரிய கேமரா வேண்டாம், கையிலிருக்கும் போன் போதும்.

முதல் வேலை, போனின் பின்பக்கம் இருக்கும் கண்ணாடியைத் துடைப்பது. சமையலறைக்குள் எடுத்துப்போகும் போனில் எண்ணெய்க் கை படாமல் இருக்காது. பல படங்கள் புகை மூட்டம் போல் தெரிவதற்கு இதுதான் காரணம். வேட்டி முனையோ சேலைத் தலைப்போ போதும், பருத்தியாக இருந்தால் சரி.

அடுத்தது ஜன்னல். பகலில் ஜன்னல் வழியாகவோ முற்றத்திலிருந்தோ வரும் வெளிச்சத்துக்கு ஈடு எதுவும் இல்லை. அது முகத்துக்கும் சாப்பாட்டுக்கும் பக்கவாட்டில் விழ வேண்டும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி ஒருவரை நிறுத்தினால் முகம் கறுத்துவிடும். நேர் எதிரே நிறுத்தினால் முகம் தட்டையாகத் தெரியும். பக்கவாட்டில் விழுந்தால்தான் மூக்கும் கன்னமும் சிரிப்பின் மடிப்பும் தெரியும். மீன் குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயும் அப்போதுதான் மின்னும்.

ஜன்னல் வெளிச்சம் இருக்கும்போது டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு விதமான வெளிச்சம் கலந்தால் போன் குழம்பிப்போகும். சோறு நீலமாகவும் சாம்பார் பச்சையாகவும் வருவது அதனால்தான். பிளாஷ் போடவே போடாதீர்கள். ஈரமான இலை பளீரென்று வெளுத்துவிடும், வியர்த்த முகம் எண்ணெய் தடவியது போல் மின்னும், பின்னால் இருப்பவர் இருட்டில் போய்விடுவார்.

வெள்ளைச் சோறும் வெள்ளை வேட்டியும் அதிகமாக இருந்தால், வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்துப் போன் படத்தை இருட்டாக்கும். பார்க்க வேண்டிய இடத்தில் திரையை விரலால் தொடுங்கள். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சின்னச் சூரியன் தோன்றும். அதைக் கொஞ்சம் மேலே தள்ளினால் சோறு வெள்ளையாகும். மாநிற முகங்களுக்கும் இது அவசியம். நம் நிறத்தை வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். ஆயாவின் முகத்தில் உள்ள சுருக்கங்கள் 80 வருடம் உழைத்து வந்தவை, அவற்றைத் தேய்த்து அழிக்கப் போனுக்கு உரிமை கிடையாது.

இலையும் முகமும்

இலையை நேர் மேலிருந்து எடுத்தால் எல்லாப் பதார்த்தமும் தெரியும், ஆனால் தேசப்படம் மாதிரி இருக்கும். சாப்பிட உட்கார்ந்தவரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து சாய்வாக எடுங்கள். சோற்றின் உயரம் தெரியும், அப்பளம் நிமிர்ந்து நிற்கும். சாப்பிடுகிறவரின் பக்கத்திலிருந்தே எடுங்கள். எதிர்ப்பக்கம் நின்று எடுத்தால் இடப்பக்கம் இருக்க வேண்டிய இலை நுனி வலப்பக்கம் போய்விடும். பந்தி தெரிந்தவர்கள் கண்ணுக்கு அது உறுத்தும். செல்பி கேமராவிலும் கவனம் தேவை. சில போன்கள் கண்ணாடியில் தெரிவது போல் இடம் வலம் மாற்றிச் சேமித்துவிடும். அத்தையின் முந்தானை வலத் தோளில் இருக்கும், பெரியப்பா இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

நேரமும் முக்கியம். அப்பளம் நமுத்துப்போகும், பாயசத்தின் மேல் ஏடு படியும், கீரை கறுக்கும். பரிமாறி முடித்த இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். சாப்பிட ஆரம்பித்த பிறகு வாயில் சோறோடு இருப்பவரை எடுக்காதீர்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போது வீடியோக்காரர் விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடிப்பதை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். கவளம் தொண்டைக்குள் இறங்காது. அந்தத் தொல்லையை வீட்டில் நாம் செய்ய வேண்டாம்.

உணவை மட்டும் எடுக்கும் படம் நாலு நாளில் அர்த்தமில்லாமல் போய்விடும் என்பது என் அனுபவம். போன வருடத்து வடை எந்த வீட்டு வடை என்று யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதே வடையைத் தட்டிப் போடும் கை, அந்தக் கைக்கு உரிய முகம், பின்னால் வீட்டுச் சுவர், அதில் மாட்டிய நாட்காட்டி, இத்தனையும் சேர்ந்து விழுந்தால் அது ஒரு நாளின் கதை. இருபது வருடம் கழித்துப் பார்க்கிறவர் வடையைப் பார்க்க மாட்டார். அடுப்பு எப்படி இருந்தது, அம்மி எங்கே கிடந்தது, அம்மா எந்தச் சேலை கட்டியிருந்தாள் என்றுதான் தேடுவார். அதனால் சமையலறையைத் துடைத்துச் சுத்தமாக்கி எடுக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். அஞ்சறைப்பெட்டி திறந்தே இருக்கட்டும்.

பொங்கல் அன்றைக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. வாசலில் கிழக்குப் பார்த்துப் பொங்கல் வைப்போம். காலை வெயில் சமைப்பவரின் முகத்தில் மஞ்சளாக விழும். ஆனால் படம் எடுப்பவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் நின்று பானையை எடுப்பார்கள். பானையும் முதுகும்தான் கிடைக்கும். இரண்டு எட்டு சுற்றி எதிர்ப்பக்கம் வந்து, கொஞ்சம் ஓரமாகக் குனிந்து நில்லுங்கள். பால் பொங்கும்போது பானையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் வரும் சிரிப்பை எந்த ஸ்டூடியோவிலும் வரவழைக்க முடியாது.

கடற்கரையில் எல்லாரும் சேர்ந்து

விசேஷத்துக்கு வந்த உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மாமல்லபுரமோ கோவளமோ சதுரங்கப்பட்டினமோ போவது நம் பக்கத்து வழக்கம். அங்கே எடுக்கும் படங்களில் பாதி கறுத்துப் போகிறது. காரணம் எளிது. நம் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. காலையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் சூரியன் பின்னால் இருக்கும், முகம் இருட்டு. மாலை 4 மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் வெயில் மேற்கிலிருந்து முகத்தில் விழும், பின்னால் கடலும் நீலமாக இருக்கும். கடற்கரைக் கோயிலுக்கும் இதே கணக்குதான். வாசல் பக்கமிருந்து எடுக்க மாலை நேரம் நல்லது. உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழி தெரியும். அப்போது எல்லாரையும் மர நிழலுக்கோ மண்டப நிழலுக்கோ கூட்டிப் போய்விடுங்கள்.

கூட்டமாக எடுக்கும்போது கிட்டே நின்று அகலமாக எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் இழுபட்டுப் பருமனாகத் தெரிவார்கள், பிறகு சின்ன மாமியார் ஒரு வாரம் பேச மாட்டார். பத்து அடி பின்னால் போய், 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். வயதானவர்களை நாற்காலியில் நடுவில் உட்கார வையுங்கள். ஒன்றுக்கு நாலு தடவை அழுத்துங்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார்.

வெண்ணெய்ப் பந்துப் பாறையைத் தள்ளுவது போலவும் தாங்குவது போலவும் எல்லாக் குடும்பமும் படம் எடுத்துக்கொள்கிறது. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கூட அதன் முன்னால் கைகோத்து நின்று எடுத்துக்கொண்டார்கள். எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்று விடியற்காலையில் எழுந்து புளிச்சாதமும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு வந்தவர் இப்போது எங்கே? பையைக் காவல் காத்தபடி புல் தரையில் உட்கார்ந்திருப்பார். பாத்திரத்தைத் திறந்து எல்லாருக்கும் எடுத்து வைக்கும்போது அவரைச் சுற்றிப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் படம்தான் அந்தப் பயணத்தின் படம்.

கேட்டுவிட்டு எடுங்கள்

சமைப்பவரை எடுக்க வேண்டும் என்று சொன்னதற்காக, அடுப்படிக்குள் பாய்ந்து படம் பிடித்துவிடாதீர்கள். "இந்தக் கோலத்திலா?" என்று அவர் கேட்பார். அதில் நியாயம் இருக்கிறது. வியர்வையும் கலைந்த தலையுமாக இருக்கும்போது எடுத்தால்தான் இயல்பாக இருக்கும் என்று இளையவர்கள் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முகம் கழுவி, பொட்டு வைத்து, தலைப்பைச் சரிசெய்துகொள்ள 5 நிமிடம் கேட்டால் கொடுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் கரண்டியைப் பிடியுங்கள். எடுத்த பிறகு அவரிடமே காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுங்கள். அவர் முகம், அவர் தீர்மானம். ஒரு தடவை இப்படி மரியாதையாக நடந்துகொண்டால் அடுத்த விசேஷத்துக்கு அவரே நிற்பார்.

இந்த மரியாதை வெளியிலும் வேண்டும். மாசி மகத்தன்று இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரையில் வந்து கூடுவது உங்களுக்குத் தெரியும். மணலில் துணியால் குடில் கட்டித் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, கன்னியம்மனை வணங்கி, விடியலில் கல்யாணமும் நடத்துவார்கள். அது அவர்கள் வீட்டு விசேஷம். அங்கே கேமராவோடு வருகிறவர்களில் சிலர், கேட்காமலே குடிலுக்குள் எட்டிப் பார்த்துச் சட்டியையும் குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நம் வீட்டுப் பந்திக்குள் முன்பின் தெரியாதவர் நுழைந்து இலையைப் படம் எடுத்தால் சும்மா இருப்போமா? கேளுங்கள். சம்மதித்தால் எடுங்கள். எடுத்த படத்தை அவர்களுக்குக் கிடைக்கச் செய்யுங்கள். அந்தக் குடும்பத்திலும் ஓர் ஆயா இருப்பார், அவருக்கும் ஒரு நல்ல படம் இல்லாமல் இருக்கலாம்.

கண் திருஷ்டியும் மூன்று படமும்

நம் வயதுக்காரர்களில் சிலர், "சாப்பாட்டைப் படம் எடுத்தால் கண் படும்" என்பார்கள். மூன்று பேர் சேர்ந்து நின்று படம் எடுக்கக் கூடாது என்பது இன்னொன்று. நாலாவதாகச் சமைத்தவரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டால் அந்தச் சங்கடமும் தீர்ந்தது!

இன்னொரு ஆட்சேபம் கனமானது. "எப்போது பார்த்தாலும் கையில் போன். சாப்பிடும்போதாவது பேசிச் சிரிக்க வேண்டாமா?" இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சோறு ஆறிப்போகும்வரை ஆளுக்கொரு பக்கம் படம் எடுப்பது விருந்துக்கே அவமரியாதை. அதனால் பிலிம் காலத்துச் சிக்கனத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒரு விசேஷத்துக்கு மூன்று படம். ஒன்று, சமைப்பவர் வேலையில் இருக்கும்போது. இரண்டு, பரிமாறிய இலையும் அதன் முன் உட்கார்ந்தவர்களும். மூன்று, எல்லாரும் சேர்ந்து, சமைத்தவரை நடுவில் உட்கார வைத்து. பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

மூன்றாவது படத்தில் படம் எடுப்பவரும் இருக்க வேண்டும். பெரும்பாலான போன்களில் 10 நொடி டைமர் இருக்கிறது. தண்ணீர்ச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்து, அழுத்திவிட்டு வந்து உட்காரலாம். எப்போதும் எடுத்துக்கொண்டே இருந்ததால் எதிலும் இல்லாமல் போன சித்தப்பா ஒருவரும் நம் குடும்பங்களில் உண்டு.

சமைப்பவர் என்றால் பெண்தான் என்று நானே எழுதிக்கொண்டு வந்திருப்பது போலத் தோன்றலாம். அப்பா சமைக்கும் வீடும் உண்டு. கல்யாணத்துக்குக் கோட்டை அடுப்பில் சமைக்கும் மாஸ்டரும் அவருடைய ஆட்களும் உண்டு. பந்தியில் பாராட்டு வாங்கும் குழம்பை ஆக்கியவர்கள் மண்டபத்தின் பின்கட்டில் புகையில் நிற்கிறார்கள். ஐம்பதாயிரத்துக்கும் லட்சத்துக்கும் ஆல்பம் போடுகிறோம், அதில் அவர்கள் முகம் ஒன்றாவது இருக்கிறதா? மாப்பிள்ளையும் பெண்ணும் பின்கட்டுக்குப் போய் அவர்களோடு ஒரு படம் எடுத்துக்கொண்டால் செலவு ஒன்றும் ஆகாது.

பெயர் எழுதி வையுங்கள்

கடைசியாக, படத்தைக் காப்பாற்றும் வழி. போனில் இருப்பது பத்திரம் என்று நினைக்க வேண்டாம். போன் தண்ணீரில் விழும், திருடு போகும், இடமில்லை என்று யாராவது அழித்துவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். பெரிதாக்கி மாட்ட வேண்டிய படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

வருடத்துக்கு 10 படமாவது அச்சுப் போடுங்கள். பழைய ஸ்டூடியோக்காரர்கள் பலர் இன்னும் கடை வைத்திருக்கிறார்கள், பாஸ்போர்ட் படத்தை நம்பியே காலம் தள்ளுகிறார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும். ஆல்பத்தில் ஒட்டி, படத்துக்குக் கீழே எழுதுங்கள். தேதி, ஊர், என்ன விசேஷம், இடமிருந்து வலமாக யார் யார், அன்று என்ன சமையல், யார் சமைத்தது. "அம்மா" என்றோ "ஆயா" என்றோ எழுதினால் போதாது. அந்தப் பெயரில் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் இருக்கிறார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரை முழுதாக எழுதுங்கள். ஆதிவராகக் குகையில் ராணிகளுக்கு விட்டுப்போனது நம் வீட்டு ராணிகளுக்காவது கிடைக்கட்டும்.

அடுத்து வரும் விசேஷம் எதுவோ, பொங்கலோ ஆடிக் கூழோ வீட்டில் பெண் பார்க்க வரும் நாளோ, இலையைப் படம் எடுக்கப் போனைத் தூக்கும் முன் ஒரு தடவை சமையலறைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். அங்கே இருப்பவரிடம், "கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க" என்று சொல்லுங்கள். "எனக்கு எதுக்கு இப்போ?" என்று கேட்டால் காரணமெல்லாம் சொல்ல வேண்டாம். "குழம்பு நல்லா இருக்கு, அதான்" என்றால் போதும்.